மீன் ஃபில்லட் கத்தி: வளையவும் வேண்டும், நிமிரவும் வேண்டும்

“கையால் செய்த ஃபில்லட் கத்தி ஒன்று செய்து வாங்கலாம் என்று இருக்கிறேன். எந்த எஃகு, எவ்வளவு நீளம், எவ்வளவு வளைய வேண்டும்? அவ்வளவு மெல்லிய கத்தி ஒடிந்துவிடாதா? தொழிற்சாலைக் கத்தியைவிட இதில் அப்படி என்ன மேல்?” இதுதான் கேள்வி. பல வருடங்களாக மீன் சுத்தம் செய்து வருகிறேன், அந்தக் கத்திகளைச் செய்தும் பார்த்திருக்கிறேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் இந்தக் கத்தியின் வேலை என்ன என்பதில் தெளிவு வேண்டும். நடுமுள்ளை ஒட்டியே போய், விலா முள் மேல் சறுக்கி ஏறி, சதையை ஒரே துண்டாக எடுப்பது ஒரு வேலை. எடுத்த துண்டிலிருந்து தோலை உரிப்பது இன்னொரு வேலை. இவ்வளவுதான். தலையை வெட்டவோ, முதுகெலும்பைத் துண்டிக்கவோ, செதில் சுரண்டவோ இதைத் தொடவே கூடாது. அந்த வேலைகளுக்குத் தடித்த கத்திகள் இருக்கின்றன. ஜப்பானியரின் தேபா கத்தியைப் பார்த்தால் புரியும். அதுவும் மீனுக்கான கத்திதான். ஆனால் முதுகு 5 மி.மீ.க்கு மேல் தடித்து, கையில் கனமாக உட்காரும். தலையையும் எலும்பையும் அதுதான் பார்த்துக்கொள்ளும். ஃபில்லட் கத்தி இதற்கு நேர் எதிர்த் திசையில் பிறந்தது. இரண்டு வேலையையும் ஒரே கத்தியில் எதிர்பார்த்தால் இரண்டும் கெடும்.

சரி, வளைவுக்கு வருவோம். பலரும் தவறாக நினைத்திருக்கும் விஷயம் இதுதான். “நன்றாக வளையட்டும் என்று எஃகைக் கொஞ்சம் மென்மையாக வைத்திருக்கிறேன்” என்று கத்தி செய்பவர்களே சொல்வதைக் கேட்டிருக்கிறேன். அது சரியில்லை. எஃகு எளிதில் வளைகிறதா இல்லையா என்பதற்கும் அதன் கடினத்துக்கும் ஏறக்குறைய சம்பந்தமே கிடையாது. ஒரே அளவில் இரண்டு தகடுகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று தோய்ச்சல் போட்டு, அதாவது காய்ச்சிச் சட்டென்று குளிர்வித்து, இறுக்கியது, மற்றது போடாத பச்சை எஃகு. இரண்டின் முனையிலும் ஒரே எடையைத் தொங்கவிட்டால் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே அளவுதான் தாழும். எஃகின் விறைப்பு எண் சுமார் 200 கிகாபாஸ்கல். உலையில் என்ன செய்தாலும் அது பெரிதாக மாறாது. வித்தியாசம் எடையை எடுத்த பிறகு தெரியும். இறுக்கிய தகடு நிமிர்ந்துவிடும். பச்சைத் தகடு, ஓர் அளவுக்கு மேல் வளைத்திருந்தால், வளைந்தபடியே நின்றுவிடும்.

ஆக, வளைவது மெல்லிசினால், நிமிர்வது பதத்தினால். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்துவிட்டால் நல்ல கத்தியை அடையாளம் காண்பதில் பாதி வேலை முடிந்தது.

மெல்லிசு என்று சொல்லும்போது அளவில் சின்ன மாற்றம்கூட எவ்வளவு செய்யும் என்று பாருங்கள். தகட்டின் விறைப்பு அதன் தடிமனின் மும்மடிப் பெருக்கத்தைப் பொறுத்தது. தடிமன் பாதியானால் விறைப்பு எட்டில் ஒரு பங்காகிவிடும். 2 மி.மீ. தகட்டை 1.6 மி.மீ. ஆக்கினாலே விறைப்பு ஏறக்குறைய பாதியாகிவிடும். 0.4 மி.மீ. என்பது கண்ணுக்குச் சரியாகத் தெரியக்கூட தெரியாது. ஆனால் கைக்கு அது வேறு கத்தி. நீளத்துக்கும் இதே கணக்குதான். தடிமனும் அகலமும் மாறாமல் 15 செ.மீ. அலகை 20 செ.மீ. ஆக்கினால், அதே விசைக்கு முனை இரண்டு மடங்குக்கும் மேல் வளையும். அதனால் “எனக்கு வளையும் கத்தி வேண்டும்” என்று மட்டும் சொல்லி விட்டுவிடாதீர்கள். நீளத்தையும் முதுகுத் தடிமனையும் சேர்த்தே பேசுங்கள்.

தொழிற்சாலைக் கத்தியைவிட என்ன மேல் என்ற கேள்விக்கும் பதில் இங்கேதான் இருக்கிறது. விலை குறைந்த ஃபில்லட் கத்திகள் பெரும்பாலும் ஒரே தடிமன் கொண்ட தகட்டிலிருந்து வெட்டி எடுக்கப்படுகின்றன. பிடி பக்கம் என்ன தடிமனோ முனைக்குப் பக்கத்திலும் முதுகில் அதேதான். அப்படிப்பட்ட அலகின் முனையை அழுத்தினால் அது பிடிக்கு அருகில் மடங்குவது போல வளையும். ஏனென்றால் விசையின் நெம்பு அங்கேதான் அதிகம். ஆனால் நமக்கு வளைவு தேவைப்படுவது முன்பாதியில், விலா முள் மேல் ஏறி இறங்கும் இடத்தில். கையால் செய்பவர் முதுகைப் பிடியிலிருந்து முனை வரை படிப்படியாக மெலிய வைப்பார். பிடி அருகே 2 மி.மீ., நடுவில் 1.4, முனைக்கு ஓர் அங்குலம் முன்னால் 0.8 என்பது போல. அப்போது வளைவு அலகு முழுவதும் பரவும். பின்பாதி உறுதியாக நின்று கையின் சொல்லைக் கேட்கும், முன்பாதி முள்ளின் சொல்லைக் கேட்கும். கையால் செய்த கத்திக்குக் கூடுதலாகப் பணம் கொடுப்பது இதற்காகத்தான் இருக்க வேண்டும். பிடியில் பதித்த சிப்பிக்காகவோ அலகில் ஓடும் அலை வடிவத்துக்காகவோ இருக்கக் கூடாது.

அந்த அலை வடிவத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், எல்லோரும் கேட்பார்கள். டமாஸ்கஸ் என்ற பெயரில் இப்போது கிடைப்பவை பெரும்பாலும் இரண்டு வகை எஃகுகளை அடுக்கிச் சேர்த்து அடித்தவை. 1095-ஐயும் 15என்20-ஐயும் சேர்ப்பது வழக்கமான ஜோடி. பார்க்க அழகுதான், செய்பவரின் உழைப்பும் பெரிது. ஆனால் இரண்டுமே துருப்பிடிக்கும் எஃகு. மீன் ரத்தம், வழுவழுப்பு, உப்புத் தண்ணீர் மூன்றும் சேரும் இடத்தில் அதைக் காப்பாற்றுவது தினசரி வேலையாகிவிடும். அதேபோல, அடித்துச் செய்த கத்தி என்றாலே தகட்டிலிருந்து தேய்த்தெடுத்ததைவிட உசத்தி என்பதும் உண்மையல்ல. சம்மட்டி அடியால் எஃகு “நெருக்கமாகி” விடுவதில்லை. இவ்வளவு மெல்லிய அலகுக்கு, நல்ல தகட்டை எடுத்துத் தேய்த்து உருவாக்குவதே பல நேரம் நேரான, நம்பகமான வழி.

இனி எஃகு. துருவேறா எஃகு என்பதற்குக் குறைந்தது 10.5 சதவீதம் குரோமியம் வேண்டும் என்பது பொதுவான வரையறை. அந்தக் குரோமியம் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து மேற்பரப்பில் மிக மெல்லிய படலமாக நிற்கும். சில நானோமீட்டர்தான், ஆனால் அதுதான் கவசம். உப்பிலுள்ள குளோரைடு இந்தப் படலத்தை அங்கங்கே துளைக்கும். அங்கே ஊசி குத்தினாற்போலப் பள்ளம் விழும். ஸ்டெயின்லெஸ் என்று வாங்கியும் துரு பிடிக்கிறதே என்று கேட்பவர்கள் பார்ப்பது பெரும்பாலும் இந்தப் பள்ளங்களைத்தான். அந்தப் பள்ளம் கூரின் மேலேயே விழுந்தால் கத்தி எவ்வளவு தீட்டினாலும் சீக்கிரம் மழுங்கிக்கொண்டே இருக்கும்.

இன்னொரு நுணுக்கம் உண்டு. எஃகில் மொத்தம் எவ்வளவு குரோமியம் இருக்கிறது என்பதைவிட, கார்பனோடு சேர்ந்து கார்பைடு துகளாகிவிடாமல் எவ்வளவு மிச்சம் நிற்கிறது என்பதே துருவைத் தடுக்கும். டி2 எஃகில் சுமார் 12 சதவீதம் குரோமியம் உண்டு. ஆனால் கார்பன் 1.5 சதவீதம் இருப்பதால் பெரும்பங்கு கார்பைடில் போய்விடுகிறது, அதனால் அது துருப்பிடிக்கும். மறுபக்கம், 2021-இல் வெளிவந்த மேக்னாகட் எஃகில் குரோமியம் 11 சதவீதம்கூட இல்லை. ஆனால் அதை வடிவமைத்த உலோகவியலாளர் லாரின் தாமஸ், குரோமியம் கார்பைடாக மாறாதபடி கலவையை அமைத்தார். அதனால் அது துருவுக்கு மிக நன்றாகவே தாங்குகிறது. பெட்டியில் எழுதியிருக்கும் சதவீதத்தை மட்டும் பார்த்து முடிவெடுக்கக் கூடாது என்று சொல்வது இதனால்தான்.

ஃபில்லட் கத்திக்கு என் முதல் தேர்வு ஏஇபி-எல் அல்லது 14சி28என். இரண்டும் சுவீடனில் பிறந்தவை. ஏஇபி-எல் சவர பிளேடுக்காக உருவானது. கார்பன் சுமார் 0.67 சதவீதம், குரோமியம் 13 சதவீதம். கார்பைடு துகள்கள் மிகப் பொடியாக இருப்பதால் விளிம்பை மிக மெல்லியதாக வைத்தாலும் உதிராது. 14சி28என்னில் கொஞ்சம் நைட்ரஜன் சேர்த்திருக்கிறார்கள். உப்புத் தண்ணீருக்கு அது இன்னும் கொஞ்சம் நன்றாகத் தாங்கும். பெயர் பெற்ற 440சி எனக்கு இந்த வேலைக்கு அவ்வளவாகப் பிடிப்பதில்லை. அதில் கார்பைடு துகள்கள் பெரிது. தடித்த கத்திக்குப் பரவாயில்லை, ஆனால் இந்த மெல்லிய விளிம்பில் முள் பட்டால் நுண்ணிய பற்கள் விழும். ஜெர்மானிய 1.4116 எஃகு தொழிற்சாலைக் கத்திகளில் நிறைய வரும். சீக்கிரம் மழுங்கும், சீக்கிரம் தீட்டவும் வரும், துருவுக்கு நன்றாகத் தாங்கும். அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் கையால் செய்து வாங்கும்போது அதற்கு மேலே போகலாம். 1084, 52100 போன்ற கார்பன் எஃகில் செய்த கத்தியின் கூர் அருமையாக இருக்கும். நன்னீர் மீன் மட்டும், வேலை முடிந்த கையோடு துடைத்து வைக்கும் பழக்கம் உண்டு என்றால் தாராளமாக வாங்குங்கள். கடல் மீன் என்றால் வேண்டாம்.

எஃகின் பெயரைவிட முக்கியம் அதற்கு எப்படிப் பதம் வைத்தார்கள் என்பது. 1084 போன்ற எளிய எஃகை 815 டிகிரி செல்சியஸ் அளவில் காய்ச்சி, எண்ணெயில் தோய்த்து, பிறகு 200 டிகிரி அளவில் இரண்டு மணி நேரம் வீதம் இரண்டு முறை சூடுகாட்டினால் நல்ல பதம் வந்துவிடும். அனுபவமுள்ள கை இதைச் சாதாரண உலையிலேயே சாதிக்கும். காந்தம் ஒட்டாமல் போகும் 770 டிகிரியைக் கடந்து இன்னும் கொஞ்சம் என்று கண்ணாலேயே பிடித்துவிடுவார்கள். ஆனால் ஏஇபி-எல் போன்றவற்றுக்கு 1,050 முதல் 1,080 டிகிரி வரை வேண்டும். அந்தச் சூட்டில் சில நிமிடங்கள் துல்லியமாக நிறுத்தவும் வேண்டும். காற்று பட்டு மேற்பரப்பில் கார்பன் எரிந்துபோகாமல் மூடியும் வைக்க வேண்டும். வெளியே எடுத்ததும் இரண்டு கனத்த அலுமினியத் தகடுகளுக்கு நடுவில் வைத்து அழுத்திக் குளிர்விப்பார்கள். அப்படிச் செய்தால் சீக்கிரம் குளிரும், வளையாமலும் இருக்கும். அதன்பின் உலர் பனிக்கட்டியிலோ திரவ நைட்ரஜனிலோ உறைய வைத்து, கடைசியாக 175 முதல் 200 டிகிரி வரை சூடுகாட்டுவார்கள். இதற்கு வெப்பக் கட்டுப்பாடுள்ள மின் உலை அவசியம். கரி உலையில் நிறம் பார்த்தே ஸ்டெயின்லெஸ்ஸுக்குப் பதம் வைப்பதாக யாராவது சொன்னால், அவரிடம் கார்பன் எஃகுக் கத்தி வாங்குங்கள், ஸ்டெயின்லெஸ் வாங்காதீர்கள். உலை இல்லாதவர்கள் வெளியே பதம் வைக்கக் கொடுத்து வாங்குவதும் உண்டு. அது நேர்மையான வழிதான்.

கடினம் ராக்வெல் சி அளவில் 58 முதல் 61 வரை இருந்தால் போதும். அதற்கும் கீழே போனால் விளிம்பு மடங்கும். மேலே போனால் முள்ளில் இடித்து உதிரும் அபாயம் கூடும்.

பதம் வைத்த பிறகும் ஒரு கண்டம் இருக்கிறது. மெல்லிய அலகு தோய்ச்சலில் கோணிப்போகும் என்பதால், பெரும்பாலான தேய்ப்பைப் பதம் வைத்த பின்பே செய்வார்கள். அப்போது சூடேறினால் போச்சு. 200 டிகிரியைத் தாண்டும்போது கார்பன் எஃகு வைக்கோல் நிறம் காட்டும், 300 டிகிரியை நெருங்கும்போது நீலம். நீலம் ஏறிய இடத்தில் பதம் இறங்கிவிட்டது என்று அர்த்தம். மேலே தேய்த்து நிறத்தை எடுத்துவிடலாம், போன பதம் வராது. நான் ஆரம்பத்தில் செய்த ஒரு கத்தியின் முனையில் இப்படி நீலம் ஓடியது. பளபளப்பாக்கிவிட்டால் சரியாகிவிடும் என்று நினைத்தேன். இரண்டாவது மீனிலேயே முனையின் கூர் தகரம் போல மடங்கியது. அன்றிலிருந்து கையுறை இல்லாமல்தான் தேய்க்கிறேன். விரலுக்குச் சூடு தெரிந்தவுடன் தண்ணீரில் முக்கிவிடுவேன். நீங்கள் வாங்கும் கத்தியில் முனை மட்டும் அடிக்கடி மழுங்குகிறது, நடுப்பகுதி நன்றாக இருக்கிறது என்றால் இதுதான் காரணமாக இருக்கக்கூடும்.

கத்தி கைக்கு வந்ததும் என்ன பார்க்கலாம்? முதுகை மேலே வைத்து, ஒரு கண்ணை மூடி, பிடியிலிருந்து முனை வரை நேராகப் பாருங்கள். கோணல் இருந்தால் உடனே தெரியும். பிறகு முனைப் பகுதியின் பக்கவாட்டை ஒரு மரப்பலகையில் அழுத்தி மெதுவாக வளையுங்கள். வில் போல ஒரே சீராக வளைகிறதா, எங்காவது ஒரே இடத்தில் முழங்கை போல மடங்குகிறதா என்று கவனியுங்கள். விட்டதும் முன்பிருந்த அதே நேர்கோட்டுக்கு வர வேண்டும். கொஞ்சமே கொஞ்சம் கோணலாக நின்றால்கூடத் திருப்பிக் கொடுத்துவிடலாம். கத்தி செய்பவர்களின் அமைப்பான அமெரிக்கன் பிளேட்ஸ்மித் சொசைட்டியின் தேர்வில் கத்தியை 90 டிகிரி வளைக்கும் சோதனை ஒன்று உண்டு. அதில் ஒடியாமல் இருந்தால் சரி, நிமிர வேண்டிய கட்டாயம் இல்லை. ஃபில்லட் கத்திக்கு அந்த அளவுகோல் பொருந்தாது. இதற்கு 90 டிகிரி தேவையில்லை, வளைந்த அளவுக்கு முழுசாக நிமிர்வதுதான் தேவை. கூருக்குச் சற்று மேலே தடிமன் 0.25 முதல் 0.35 மி.மீ. வரை இருந்தால் சதையில் வழுக்கிக்கொண்டு போகும். கூர்க் கோணம் ஒரு பக்கத்துக்கு 15 டிகிரி அளவில் இருந்தால் போதும்.

நீளத்தை உங்கள் மீன் தீர்மானிக்கட்டும். சின்ன மீனுக்கு 15 செ.மீ. போதும். பெரும்பாலானவர்களுக்கு 18 முதல் 20 செ.மீ. வரை சரியாக இருக்கும். சூரை, பெரிய சால்மன் போன்றவற்றுக்கு 23 செ.மீ.க்கு மேல், கூடவே கொஞ்சம் விறைப்பாகவும் வேண்டும். கனத்த சதைக்குள் ரொம்ப வளையும் கத்தி போகிற போக்கில் திசை மாறிவிடும். தட்டையான மீன்களுக்கு நேர்மாறாக நன்றாக வளைய வேண்டும். ஒரே கத்திதான் என்றால் 18 செ.மீ., நடுத்தர வளைவு.

பிடியைப் பலரும் கடைசியில்தான் யோசிக்கிறார்கள், ஆனால் விரல் தப்புவது பிடியால்தான். மீன் வழுவழுப்பில் கை முன்னோக்கி வழுக்கி அலகின் மேல் ஏறுவதே மோசமான விபத்து. அதனால் ஆள்காட்டி விரலுக்கு முன்னால் கீழ்நோக்கி ஒரு தடுப்பு கட்டாயம் இருக்க வேண்டும், அது பிடியிலேயே செதுக்கிய மேடாக இருந்தாலும் சரி. பிடிப்பொருளில் கண்ணாடியிழையைப் பிசினில் இறுக்கிய ஜி10, துணி அடுக்குகளைப் பிசினில் இறுக்கிய மைக்கார்ட்டா இரண்டும் தண்ணீருக்கு அசையாதவை. மைக்கார்ட்டாவைப் பளபளப்பாக்காமல் சொரசொரப்பாக விடச் சொல்லுங்கள், நனைந்தால் இன்னும் நன்றாகப் பிடிக்கும். மரம்தான் வேண்டும் என்றால் வெற்றிடத்தில் பிசின் ஏற்றிய மரம் கேளுங்கள். வெறும் மரம் நனைந்து காய்ந்து, நனைந்து காய்ந்து, எஃகைவிட்டு விலகும். அந்த இடுக்கில் மீன் நீர் புகுந்து வெளியே தெரியாமலே துருவும் நாற்றமும் வளரும். பிடியும் எஃகும் சேரும் இடத்தில் நகத்தை ஓட்டிப் பாருங்கள், நகம் எங்கும் மாட்டக் கூடாது.

தீட்டுவதில் இந்தக் கத்திக்கு மட்டும் ஒரு தனிக் கவனம் வேண்டும். கல்லில் வைத்து அழுத்தினால் அலகே வளைந்து கோணம் மாறிவிடும். ஆகவே கல்லின் மேல் இருக்கும் பகுதிக்கு நேர் மேலே விரல்களை வைத்து, லேசான அழுத்தத்தில், பகுதி பகுதியாக நகருங்கள். 1,000 எண் கல், பிறகு 2,000 எண் கல், கடைசியில் பிசிறை எடுக்கத் தோல் வாரில் சில இழுப்பு. நான் அதற்கு மேல் மெருகேற்றுவதில்லை. மீன் தோல் வழுக்கும், கூரில் கொஞ்சம் பல் இருந்தால்தான் முதல் தொடலிலேயே கவ்வும். இடுக்கில் விட்டு இழுக்கும் தீட்டுக் கருவிகளைக் கிட்டேயே விடாதீர்கள். இந்த மெல்லிய விளிம்பை அவை கிழித்துவிடும்.

இன்னொன்று, நல்ல கத்தி வாங்கியும் தோல் உரிக்கும்போது சதை பிய்கிறது என்றால் பெரும்பாலும் கைதான் காரணம். வால் பக்கம் சதைக்கும் தோலுக்கும் நடுவே கத்தியை நுழைத்து, ஏறக்குறைய பலகைக்கு இணையாகச் சாய்த்து, கத்தியை அப்படியே நிறுத்துங்கள். கத்தியைத் தள்ளாதீர்கள். தோலை இடமும் வலமுமாக ஆட்டி ஆட்டி உங்கள் பக்கம் இழுங்கள். வளையும் அலகு பலகையோடு படிந்துகொண்டு தானே வழி கண்டுபிடிக்கும்.

வேலை முடிந்ததும் நல்ல தண்ணீரில் கழுவி, சோப்புப் போட்டு, அப்போதே துடையுங்கள். பலகையைச் சுத்தம் செய்யும் பிளீச்சிங் கரைசலில் கத்தியை ஊறப்போட வேண்டாம். உப்பைப் போலவே அதுவும் எஃகைத் துளைக்கும். தோல் உறை கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் கத்தியை அதில் போட்டு வைக்காதீர்கள். தோல் ஈரத்தையும் உப்பையும் உறிஞ்சி வைத்துக்கொண்டு நாள் முழுக்க அலகின் மேல் ஒத்தடம் கொடுக்கும். கைடெக்ஸ் போன்ற பிளாஸ்டிக் உறை, அடியில் நீர் வடிய ஒரு துளையோடு கேட்டு வாங்குங்கள். அதிலும் நன்றாகக் காய்ந்த பிறகுதான் கத்தியைச் செருக வேண்டும்.